பதிமூன்று மணி ஐம்பது நிமிடம்

காலை 9.25.

"பாஸ்போர்ட்டைக் காணோம்."

இதைச் சொன்னவர் வாழ்நாளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்தவரல்ல. பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதியே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பால் பொங்கினால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான்.

மாலை நாலரைக்கு அவருக்கு விமானம். முதன்முதலாக ஏறப்போகிறார். அது போய் இறங்குகிற ஊரில் அவருடைய ஒரே மகள் ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், நுரையீரலில் சளி என்றார்கள், இப்போது தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். "மாமா, நீங்க வந்து கூப்பிட்டா அவ கண்ணு திறப்பா" என்று மாப்பிள்ளை முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் டைம்கீப்பர் விடியற்காலையிலிருந்தே புது ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் டிக்கெட் இருந்தது. மாற்றி வைத்த வெளிநாட்டு நோட்டுகள் இருந்தன. மகள் வீட்டு விலாசம் இருந்தது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

காலை 10.15.

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் டிக்கெட்டம்மா. தெருமுனையில் இரண்டு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டருமாக விமான டிக்கெட் அலுவலகம் நடத்துகிறவர். இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பேட்டையில் பாதிப் பேரை ஆகாயத்துக்கு ஏற்றிவிட்டவர். தான் மட்டும் நாற்காலியை விட்டு அசைந்ததில்லை. தொலைந்த பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் கைராசிக்காரர். வாஷிங் மெஷினிலிருந்து ஒன்று, மாமியாரின் தலையணை உறையிலிருந்து ஒன்று என்று இதுவரை பதினேழு பாஸ்போர்ட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறார். பதினேழிலும் திருடன் என்று ஒருவன் இருந்ததில்லை. வீட்டு ஆட்கள்தான் இருந்தார்கள்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க ஐயா?"

"ஏழு நாப்பது. கவரைப் பிரிச்சுப் பார்த்தேன். இருந்தது."

"அப்புறம்?"

"எட்டு பத்துக்கு டிரைவர் வந்தான், பெட்டியை எடை போட. எட்டரைக்கு என் பெரிய பையன் வந்தான். எட்டு முப்பத்தஞ்சுக்குக் குளிக்கப் போனேன். எட்டு அம்பத்தஞ்சுக்கு வந்தேன். ஒம்பது இருபத்தஞ்சுக்குப் பார்த்தா இல்ல."

இப்படி ஒரு சாட்சி கிடைக்க போலீஸ்காரர்கள் தவம் கிடக்க வேண்டும். டிக்கெட்டம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இந்த ஊர் நேரம், மற்றது மகள் இருக்கும் ஊர் நேரம். அது ஏழு மணி நேரம் முன்னால் ஓடியது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒரு காகிதம் தொங்கியது. டைம்கீப்பரின் முத்து முத்தான எழுத்து.

தூரம்: 11,400 கி.மீ.
போக: 13 மணி 50 நிமிடம்.
வர:

வர என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் டிக்கெட்டம்மாவுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் மகள் கல்யாணமாகிப் புறப்பட்டபோது டைம்கீப்பர் அவர் அலுவலகத்துக்கு வந்து தூரத்தையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். "போறப்போ காத்து முதுகுல தள்ளும் ஐயா, சீக்கிரம் போயிடும். வர்றப்போ எதிர்க்காத்து, கூட நேரம் ஆகும்" என்று இவர் சொன்னார். எவ்வளவு ஆகும் என்று சொல்ல வாயெடுத்தபோது டைம்கீப்பர் பேனாவை மூடிவிட்டார். "அவ வர்றப்போ கேட்டு எழுதிக்கறேன்." முதல் வருடம் லீவு கிடைக்கவில்லை. அப்புறம் வீடு மாற்றினார்கள். அப்புறம் இது, அப்புறம் அது. அவள் வரவில்லை, அந்த இடமும் நிரம்பவில்லை.

ஆனால் பதிமூன்று ஐம்பது மட்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வந்துபோகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லாமல் டைம்கீப்பர் டீ கொடுத்ததில்லை.

காலை 10.40.

டிரைவர் கூடத்து மூலையில் நின்றிருந்தார். எதிர் வீட்டுக்காரர்தான், விமான நிலைய வரிசையில் டாக்ஸி ஓட்டுகிறவர். நாலு வருடத்துக்கு முன்னால் மகளை ஏற்றிப் போனதும் அவர் டாக்ஸிதான்.

"மேசைகிட்ட போனீங்களா?"

"போனேன் அக்கா. தண்ணி குடிச்சேன். ஜக்கு அங்கதான் இருந்தது."

"கவரைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். தண்ணி பட்டுடப் போவுதேன்னு தள்ளி வச்சேன்."

"பார்த்தியாம்மா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றார் டைம்கீப்பர். "நான் குளிக்கப் போனப்போ இவன் இங்கதான் இருந்தான். ஒரு மணி வரைக்கும் பார்ப்பேன். கிடைக்கலைன்னா ஸ்டேஷன்ல இவன் பேரை எழுதிக் குடுத்துடுவேன்."

பாஸ்போர்ட் திருட்டு என்று ஒரு புகார் போனால் விமான நிலையத்தில் டிரைவருடைய டாக்ஸி பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பதினொரு வருடப் பிழைப்பு அன்றோடு சரி. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலனா என்று அந்த முகம் கேட்டது.

எடுக்க வந்தவன் நோட்டுகளை விட்டுவிட்டுப் போகமாட்டான். இதை டிக்கெட்டம்மா உரக்கச் சொல்லவில்லை, மனதில் குறித்துக்கொண்டார்.

காலை 11.05.

டைம்கீப்பரின் மனைவி படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழைய போர்வையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஐயாவைப் போக வேண்டாம்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்ச மனுஷனைத் தனியா அனுப்ப யாருக்கு மனசு வரும்?"

"அதனால பாஸ்போர்ட்டை..."

"எடுத்து ஒளிச்சு வச்சேனான்னு கேக்கறியா?" ஊசி நிற்கவில்லை. "முந்தாநேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் நானே சொல்லிட்டேன், நீங்களாவது போய்ப் பாருங்கன்னு. இது அவளோட சின்ன வயசுப் போர்வை. இது இல்லாம தூங்க மாட்டா. ஓரம் பிரிஞ்சிருக்கு. ஒரு மணிக்குள்ள தைச்சு இவர் கையில குடுத்து விடணும்."

ஒரு மணிக்குள் தைத்து முடிக்க அவசரப்படுகிறவள் பயணத்தை நிறுத்த நினைக்கிறவள் அல்ல. டிக்கெட்டம்மா அந்தக் கட்டிலின் அடியில் பார்க்கவே இல்லை.

காலை 11.20.

மூத்த மகன் ஜன்னலோரம் நின்றிருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். தயாரான கண்ணாடிகளை வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்கான தோல் பை தோளில் தொங்கியது.

"நீங்க வந்ததும் எங்க உட்கார்ந்தீங்க?"

"உட்காரல அக்கா. நின்னுட்டுதான் இருக்கேன்."

"ஐயா குளிக்கறப்போ?"

"டிரைவர்கூட பெட்டியைக் கீழ கொண்டுபோனேன். திரும்பி வந்தேன்."

"டிரைவரும் கூட வந்தாரா?"

"அவர் டிக்கியில பெட்டியை வச்சுட்டு வந்தார்."

"இன்னிக்குக் காலையில மாப்பிள்ளைகிட்ட பேசினீங்களா?"

"நேத்து அப்பா பேசினாரே."

டைம்கீப்பர் காலையிலிருந்து மாப்பிள்ளைக்கு நாலு முறை போன் போட்டிருந்தார். எடுக்கவில்லை. "ஐ.சி.யு. உள்ள போனை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க" என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அவர் மனைவி போர்வையோடு வெளியே வந்தார். "பெரியவனே, கொஞ்சம் தேடித் தாடா. உங்கப்பா போயே ஆகணும்."

"அம்மா, பதினஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம் அப்பாவால ஒரே இடத்துல உட்கார முடியுமா? கால் வீங்கிடும். போகாட்டிதான் என்ன..."

"பதிமூணு அம்பது" என்றார் டைம்கீப்பர், கவரை நாலாவது முறையாகக் கவிழ்த்தபடியே.

போர்வையைப் பார்த்த மகன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பகல் 12.10.

வீட்டில் தேடாத இடம் இல்லை. அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்தாகிவிட்டது. டிக்கெட்டம்மா விமானக் கம்பெனிக்குப் போன் பேசிவிட்டு வந்தார்.

"ஐயா, மனசைத் திடப்படுத்திக்குங்க. பாஸ்போர்ட் இல்லாம ஏத்த மாட்டாங்க. விசாவும் அதுலதான் இருக்கு."

"அடுத்த ஃப்ளைட் எப்போ?" என்றார் டைம்கீப்பர் அந்த நொடியே.

"நாளைக்கு இதே நேரம்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்கும்?" என்றார் அவர் மனைவி.

"டிக்கெட்டை கேன்சல் பண்ண எத்தனை மணி வரைக்கும் டைம் இருக்கு?" என்றான் மகன்.

டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவுக்குள் காலில் கொப்புளம் வந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. "நேத்தே போயிருக்கணும். ரெண்டு மணிக்கே விசா கைக்கு வந்துடுச்சு. நாலரை ஃப்ளைட்டைப் பிடிச்சிருக்கலாம்."

டிக்கெட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. நேற்று ஒரு சீட் இருந்தது. அவசர அவசரமாக ஓட வேண்டாம் ஐயா, நாளைக்கு நிதானமாகப் போகலாம் என்று சொன்னது அவர்தான்.

அவர் படிக்கட்டுக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். கால் மணி நேரம் நின்றிருப்பார். டிரைவர் நோட்டுகளைத் தொடவில்லை. தாய் போர்வை தைக்கிறாள். தகப்பன் கணக்குச் சொல்கிறார். நாலாவது ஆள்? அந்தப் பை. எட்டரை மணிக்குத் தோளில் மாட்டிய பையை அவன் இன்னும் இறக்கவில்லை. அதோடே பெட்டி தூக்கியிருக்கிறான், அதோடே கட்டிலுக்கடியில் குனிந்து தேடியிருக்கிறான். ஆனால் ஏன்? தங்கை சாகக் கிடக்கும்போது தகப்பனை எந்த அண்ணன் நிறுத்துவான்?

அப்போதுதான் அந்த எண் அவர் காதில் திரும்ப ஒலித்தது. டிக்கெட்டம்மா கண்ணை மூடிக்கொண்டார். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

பகல் 1.05.

"தம்பி, கொஞ்சம் வாங்க."

மகன் படிக்கட்டுக்கு வந்தான்.

"பையில எத்தனை கண்ணாடி இருக்கு?"

"ஆறு."

"அதோட ஒரு பாஸ்போர்ட்."

அவன் பை வாரை இறுக்கிப் பிடித்தான்.

"இருபத்திரண்டு வருஷமா டிக்கெட் போடறேன்" என்றார் டிக்கெட்டம்மா, குரலைத் தணித்து. "ஃப்ளைட் போச்சுன்னு சொன்னா மனுஷங்க வாயில வர்ற முதல் வார்த்தை, அடுத்தது எப்போ. உங்கப்பா கேட்டாரு, உங்கம்மா கேட்டாங்க. நீங்க கேக்கல. கேன்சல் பண்ண டைம் கேட்டீங்க. அதுகூடப் பரவாயில்ல. பதினஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்னு சொன்னீங்களே, அது எங்கேருந்து வந்தது?"

"ஏதோ தப்பா சொல்லிட்டேன்."

"தப்பா சொல்றவங்க பதினாலுன்னுவாங்க, பதினஞ்சுன்னுவாங்க. பத்து நிமிஷத்தை ஒட்ட வச்சுச் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்டுல பதிமூணு அம்பது தெரியாத ஆள் கிடையாது. பதினஞ்சு பத்து வேற ஒரு கணக்கு. அது எதிர்க்காத்துல வர்ற நேரம். உங்கப்பா அதை எழுதவே இல்ல, நானும் யாருக்கும் சொன்னதில்ல. ஃப்ளைட் அட்டவணையில பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்."

அவன் தலை குனிந்தது.

"உங்கப்பா அங்க போகப்போற நாள்ல, அங்கேருந்து இங்க வர எத்தனை மணி நேரம்னு நீங்க ஏன் பார்த்தீங்க? யாரு வர்றாங்க தம்பி?"

மாடிப்படி ஜன்னல் வழியே கீழே டாக்ஸி தெரிந்தது. பெட்டியோடு டிக்கி திறந்தே கிடந்தது.

"தங்கச்சி காலையில அஞ்சு அம்பதுக்குப் போயிட்டா அக்கா" என்றான். "மாப்பிள்ளை அஞ்சு அம்பத்தஞ்சுக்குக் கூப்பிட்டார். அவளை இங்கயே கொண்டு வந்துடறேன், ஃப்ளைட் பார்த்து வைங்கன்னார். அப்பா போன் பண்ணினா எடுக்காதீங்க, நேர்ல போய்ச் சொல்றேன்னு நான்தான் சொன்னேன். சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்ததும் அப்பா காலைத் தூக்கிக் காட்டறார், ஷூ நல்லாருக்காடான்னு. எனக்கு வாய் வரல."

"அதுக்காக..."

"ஏறிட்டார்னா அவ இருக்கான்னே நெனச்சுட்டுப் போவார். பதிமூணு மணி அம்பது நிமிஷம். அங்க இறங்கி, மொழி தெரியாத இடத்துல தனியா நின்னு கேட்டுக்கணும். ஏத்தக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எடுத்துப் பையில போட்டுட்டேன். ஃப்ளைட் போனப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"பாவம், அந்த டிரைவர்."

"அவர் பேரை எழுத விட்டிருக்க மாட்டேன். சத்தியமா விட்டிருக்க மாட்டேன்."

"தம்பி, எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டா நான் சொல்லிடுவேன். இதை நீங்கதான் சொல்லணும்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேல்படியில் புது ஷூ நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றது என்று யாருக்கும் தெரியாது.

பகல் 1.15.

"எத்தனை மணிக்கு?" என்றார் டைம்கீப்பர்.

"அஞ்சு அம்பதுப்பா."

"அங்க பன்னெண்டு அம்பது." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பகல்ல போயிருக்கா. இருட்டுன்னா அவளுக்கு ஆகாது."

மகன் ஓடிப்போய்த் தாங்கினான். அவர் கையை விலக்கவில்லை. உதடு எதையோ கணக்குப் போட்டது.

"நேத்து நாலரைக்கு ஏறியிருந்தா காலையில ஆறு இருபதுக்கு இறங்கியிருப்பேன். அரை மணி நேரம் லேட்." டிக்கெட்டம்மாவைப் பார்த்தார். "நீ மனசுல வச்சுக்காதம்மா. நேத்துப் போயிருந்தாலும் பார்த்திருக்க முடியாது."

டிக்கெட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்திலும் அந்த மனுஷன் தனக்காகக் கணக்குப் போட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

டைம்கீப்பர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்போ சொன்னாங்க?"

"அஞ்சு அம்பத்தஞ்சு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு மணி இருபது நிமிஷம்."

"தப்புதாம்ப்பா. மன்னிச்சுடுங்க."

"ஏழு மணி இருபது நிமிஷம் இதை நீ ஒருத்தனே சுமந்துட்டு நின்னிருக்கே" என்றார். "பையை இறக்கி வைடா."

அவன் இறக்கி வைத்தான். அதற்கப்புறம்தான் அழுதான், காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் சேர்த்து. தகப்பன் அவன் பிடரியில் கை வைத்துக்கொண்டு, "உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

பகல் 1.50.

படுக்கையறையில் அந்த அம்மா போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரம் முழுக்கத் தைத்து முடித்திருந்தது. டைம்கீப்பர் வெளியே வந்து டிரைவர் முன்னால் நின்றார். கையெடுத்துக் கும்பிடப் போனவரை டிரைவர் தடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஐயா இது. அவளை அன்னிக்குக் கொண்டுபோய் விட்டவன் நான்" என்றார்.

டைம்கீப்பர் ஃபிரிட்ஜ் அருகே போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து டிக்கெட்டம்மாவைப் பார்த்தார்.

"வர்றதுக்கு எவ்வளவுன்னு சொன்னே?"

"பதினஞ்சு மணி பத்து நிமிஷம் ஐயா."

எழுதினார். முப்பத்து நான்கு வருடம் எழுதிய கை, ஓர் எழுத்தும் கோணவில்லை. பேனாவை மூடாமல் அப்படியே நின்றார்.

"எந்த நாளுன்னு முடிவானதும், எத்தனை மணிக்கு உள்ள வருதுன்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார். "நான் அங்க நிக்கணும்."